பாறைமேல் ஒரு மைக்ராஸ்கோப்

செல்லம்மாள் அக்கா தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றார். புருவமும் இமையும் வெளுத்து, காதோரத் தலைமயிர் வெளுத்து, ஒரே காலையில் அவருக்கு முப்பது வயது கூடிவிட்டதுபோல் இருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"புகைதான் அம்மிணி," என்றார். "வெறும் புகை."

எங்கள் பக்கத்தில் போர்வெல் போடுகிறவர்கள் புகை என்று சொன்னால் அது நெருப்பில் வருவதல்ல. துளையிலிருந்து ஈரமே இல்லாமல் பீய்ச்சியடிக்கும் பாறைத் தூள். தண்ணீர் இல்லை என்பதை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை அது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த அவருடைய தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் ரிக் வண்டி. அதன் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் என் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறை. அதற்குள், பாறைமேல் எழுப்பிய மேடையில், ஒரு மைக்ராஸ்கோப்.

அந்தத் துளையும் அந்த மைக்ராஸ்கோப்பும் எப்படி ஒரே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்குள் நட்சத்திரம்

எம்.எஸ்சி. முடித்துவிட்டு சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே என்ன ஆராய்ச்சி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போட்டோ பிலிமின்மேல் ஒரு பூச்சு இருக்கும் அல்லவா? அதையே பல மடங்கு தடிமனாகக் கண்ணாடித் தகட்டின்மேல் பூசியிருப்பார்கள். அந்தத் தகடுகளைப் பெரிய பலூனில் கட்டி வானத்தில் வெகு உயரத்துக்கு அனுப்புவார்கள். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகும். தகட்டை இறக்கி, மருந்தில் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அவை போன வழி கறுப்புப் புள்ளிகளின் வரிசையாகத் தெரியும்.

எப்போதாவது ஒரு துகள் பூச்சிலிருக்கும் ஓர் அணுவில் நேருக்கு நேர் மோதிவிடும். மோதிய இடத்திலிருந்து நாலா பக்கமும் கோடுகள் சிதறிக் கிடக்கும். அதற்கு நட்சத்திரம் என்று பெயர். நட்சத்திரம் தேடுவதுதான் எங்கள் வேலை.

கேட்க அழகாக இருக்கிறது. செய்துபார்த்தால் தெரியும். ஒரு தகட்டை முழுக்கப் பார்த்து முடிக்க மாதக் கணக்கில் ஆகும். பூச்சுக்கு ஆழம் உண்டு என்பதால் ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து அடிவரை லென்ஸை இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் எதிர் ஸீட்டுக்காரரின் சட்டைமேல் புள்ளிகள் ஊரும்.

அம்மாபேட்டையில் எங்கள் அப்பா தறி நெய்துகொண்டிருந்தார். என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால், "கண்ணாடியில கீறல் எண்ணுற வேலைங்க. அதுக்கும் சம்பளம் தர்றாங்க," என்று சொல்லி ஆச்சரியப்படுவார்.

எனக்கு வழிகாட்டி தணிகாசலம் சார். ஆத்தூர்க்காரர். அதிகம் பேச மாட்டார், கோபம் வந்தால் பேசவே மாட்டார். இந்தத் தேடலை ஒரு மிசின் செய்ய வேண்டும் என்பது அவருடைய பல வருடக் கனவு. தகடு வைக்கும் மேடையை மோட்டார் நகர்த்தும். மேலே பொருத்திய டி.வி. கேமரா படம் பிடிக்கும். லென்ஸ் மயிரிழை இறங்கும், மறுபடியும் ஒரு படம். புள்ளிகள் ஒவ்வோர் ஆழத்திலும் ஒரே கோட்டில் தொடர்கின்றனவா என்று கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும். வெளிநாட்டில் ஒன்றிரண்டு இடங்களில் இதை முயன்றுகொண்டிருந்தார்கள். சார் சேலத்தில் முயன்றார்.

மோட்டார் ஓரிடத்தில் வாங்கி, கேமரா வேறிடத்தில் கெஞ்சி வாங்கி, பல்சக்கரங்களை லேத் பட்டறையில் கடைய வைத்து, ஒருவழியாக மிசின் எழுந்து நின்றது. ஓடவும் செய்தது. படம்தான் நடுங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும்

சார் கேமராவைச் சந்தேகப்பட்டார். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். ஒரு முழு வாரம் என்னையும் சந்தேகப்பட்டார், மேஜையில் கை ஊன்றுகிறேன் என்று.

ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்தபடி திரையைப் பார்த்தேன். படம் அசையாமல் நின்றது. புள்ளிகள் ஊசியால் குத்தியதுபோல் தெளிவாக இருந்தன. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன், மறுபடி நடுக்கம். அடுத்த நாளும் அப்படியே.

கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக விசைத்தறிக் கொட்டகைகள். சாப்பாட்டு நேரத்தில் தறி நிற்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அதே கொட்டகைகள்தாம். காலுக்கடியில் தரை அதிர்வது எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனால்தான் அத்தனை நாளும் அது எனக்குத் தெரியவே இல்லை.

சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"தறியை நிறுத்தச் சொல்ல முடியாது," என்றார் கடைசியில். "நாமதான் போகணும்."

அதற்கப்புறம் நாங்கள் அசையாத தரை தேடி அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். சேலத்தைச் சுற்றி எங்கே போனாலும் தறி, லாரி, அரவை மில், ரயில். கடைசியில் சாரின் பழைய மாணவர் ஒருவர் தன் உறவினரின் தோட்டத்தைச் சொன்னார். அங்கே பாதி நிலம் வெறும் பாறை. பாறைமேல் நிலக்கடலை போட்டுவைக்கிற ஓர் அறை. மெயின் ரோட்டிலிருந்து வெகுதூரம்.

"அசைக்க மாட்டேனுங்க"

அந்த உறவினர்தான் செல்லம்மாள் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் வடநாட்டு லைனில் லாரி ஓட்டினார். வீட்டுக்கு வருவதே அபூர்வம். பண்ணையம் முழுக்க அக்கா கையில்.

"பாறையத் தேடிட்டா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார். "எல்லாரும் மண்ணு இருக்குதான்னு கேப்பாங்க. எருக்கஞ்செடிகூட மொளைக்காதுங்க இதுல."

சார் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் தெரிந்த ஜன்னலின் நிழலைக் குனிந்து பார்த்தார். நிழல் அசையவில்லை. அவர் சிரித்து நான் பார்த்த மூன்று நான்கு தடவைகளில் அது ஒன்று.

"ஒரு வருஷம் இந்த அறை வேணும்மா. பக்கத்துல எதுவும் இடிக்கக் கூடாது, அசைக்கக் கூடாது."

"அதுக்கென்னங்க. அசைக்க மாட்டேனுங்க," என்றார் அக்கா.

மிசினை ஒரு வாடகை வேனில், வைக்கோல் மெத்தைமேல் வைத்துக் கொண்டுவந்தோம். மின்சாரம் அங்கே வரும், போகும். அதனால் நாமக்கல்லில் பழைய லாரி பேட்டரிகள் வாங்கி அறையோரம் வரிசையாக அடுக்கினோம். படம் நின்றது. மிசின் நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. முதல் நாள் மேஜைமேல் கிடந்த தூசியைக்கூட நட்சத்திரம் என்றது. பிறகு தேறிவிட்டது.

பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம் எங்களுக்குத் தகடுகளை இரவல் தந்திருந்தது. ஆனி மாதம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பின் வேறொரு குழுவுக்குப் போய்விடும். அந்தத் தகடுகள்தாம் என் பிஎச்.டி.

வாரத்தில் பாதி நாள் நான் அக்கா வீட்டிலேயே தங்கினேன். ஒருநாள் மிசினை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"எறும்பு ஊர்ந்தாப்ல இருக்குது. இதெல்லாம் மேல இருந்தா வந்துச்சு?"

"ஆமாங்கக்கா. வானத்துல இருந்து."

"மழையும் அங்கிருந்துதான வருது? அதப் புடிக்கறதுக்கு உங்க சார்கிட்ட மிசினு இல்லீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வருடம் மழை பொய்த்திருந்தது.

வாய் பிளந்த கோழிகள்

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். அக்காவும் அதற்கு முந்தின வருடம் ஒரு நீளக் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார். பாறை நிலத்தில் வேறென்ன செய்வது?

கோழி வெயில் தாங்காது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கொட்டகை முழுக்க வாய்கள் திறந்திருக்கும். தண்ணீர் ஒரு வேளை தவறினால் மத்தியானத்துக்குள் ஓரமாகச் சாய்ந்துவிடும்.

சித்திரையில் கிணறு அடிப்பாறை தெரிய வற்றியது. அக்கா மாட்டு வண்டியில் டிரம் வைத்து, பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை. வைகாசி பிறந்ததும் அந்தக் கிணற்றுக்காரர், "எனக்கே பத்தறதில்ல ஆத்தா," என்று கைவிரித்துவிட்டார்.

அக்காவின் தம்பி முருகேசன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்தார். வண்டி எப்போதும் ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ கிடக்கும். ரிப்பேருக்காக ஊருக்கு வந்திருந்தது. இரண்டு நாள் தோட்டத்தில் நிறுத்தி வேலை செய்துவிட்டு, அப்படியே வடக்கே கிளம்பிவிடும். விட்டால் தீபாவளிக்குத்தான்.

அக்கா என்னிடம், "போரு போடறமுங்க. தள்ளித்தான், மேக்கால மூலைல. நாளைக்கு ஒரு பகலு மட்டும் உங்க மிசின நிறுத்தி வெச்சுக்கங்க," என்றார். சார் பம்பாய்க்குக் கிளம்பிப் போயிருந்தார், ரயிலில் இருந்தார். ஒரு பகல்தானே என்று மிசினை நிறுத்தினேன். தகடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

காலையிலிருந்து மத்தியானம்வரை ரிக் ஓடியது. கடைசியில், நான் முதலில் சொன்னபடி, அக்கா வெள்ளையாக வந்து நின்றார்.

சுவரோரம்

முருகேசன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். ஒரு மேகம் கிளம்பியது.

"அப்பவே சொன்னேன்ல? தண்ணிப் பாயிண்டு அங்க இருக்குது, இங்க போடச் சொல்றயேன்னு. கேட்டியாக்கா நீ?"

"சும்மா இர்றா," என்றார் அக்கா.

"எங்கேங்க பாயிண்ட்?" என்று நான் கேட்டேன்.

முருகேசன் மோவாயால் காட்டினார். எங்கள் அறையின் கிழக்குச் சுவர்.

"தேங்கா அந்தச் செவுத்தோரம்தானுங்க எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு ஆளு பாத்தாச்சு, ரெண்டு பேருக்கும் அதே எடம். அக்காதான் அங்க மிசினு இருக்குதுன்னு மாத்திப் போடுச்சு."

உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர் என்பதை நான் நம்பினேனா என்றால், இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவரோரம் பாறையில் ஒரு வெடிப்பு ஓடியது, அந்தக் கோடையிலும் அதில் நாலு புல் பச்சையாக நின்றது என்பது என் கண்ணில் பட்டிருந்தது. தண்ணீர் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எனக்கு உறைத்தது அதுவல்ல. தான் நம்பிய இடத்தை விட்டுவிட்டு, நம்பாத இடத்தில் இவர் பாறையைத் துளைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏங்கக்கா சொல்லலை?"

"அசைக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டனே அம்மிணி. சொல்லிப்போட்டு அப்பறம் எப்படி அசைக்கறது?"

அறையின் நிழலில் உட்கார்ந்தேன். சுவரோரம் ரிக் ஓடினால் அதே பாறை ஒவ்வோர் அடியையும் மிசினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் தூள் லென்ஸுக்குள் புகுந்தால் தீர்ந்தது. கழற்றினால்? மறுபடி பொருத்தி, மேடையைச் சமன்செய்து, லென்ஸை நேராக்கப் பல மாதம் ஆகும். ஆனிக்கு ஒரு மாதம்கூட இல்லை. தகடுகளில் பாதிதான் முடிந்திருந்தது.

சாருக்குத் தந்தி அடித்தேன், பம்பாய் விலாசத்துக்கு. அவர் ரயிலிலிருந்து இறங்கி அதைப் பார்ப்பதற்குள் முருகேசன் தமிழ்நாட்டைத் தாண்டிவிடுவார் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

கொட்டகைப் பக்கம் போனேன். அக்கா கடைசி டிரம்மைச் சாய்த்துக் குவளையால் வழித்து வழித்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மிசினைக் கழட்டப் போறேங்கக்கா," என்றேன்.

"வேண்டாம் சாமி. உங்க படிப்பு என்னாகறது?"

"கோழி என்னாகறது?"

"வித்துப்போடலாம்."

"வித்துட்டு?"

அவர் குவளையைக் கீழே வைத்தார்.  நான் அறைக்குத் திரும்பினேன்.

பொழுது இறங்குவதற்குள் கழற்றி முடித்தேன். கேமராவை நானே எடுத்தேன். மோட்டார்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினேன். மைக்ராஸ்கோப்பை ரிக் ஆட்கள் நால்வர் தூக்கினார்கள். இரும்புக் குழாயை விறகுபோல் வீசுகிறவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடந்தார்கள். அக்காவின் படுக்கையறையில், கட்டிலை வெளியே போட்டுவிட்டு, அதை வைத்தோம்.

மூட ஏதாவது வேண்டும் என்றேன். அக்கா பீரோவைத் திறந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பட்டுல புழுதி நிக்காதுன்னு சொல்வாங்க."

நெசவாளி வீட்டுப் பெண் நான். "அக்கா, பழைய வேட்டி போதும்," என்று அதைப் பிடுங்கிப் பீரோவிலேயே வைத்தேன்.

இரண்டாவது துளை

மறுநாள் விடிந்ததும் சுவரோரம் ரிக் ஏறியது. அறையின் ஓடுகள் கிலுகிலுத்தன. முதலில் வெள்ளைப் புகை. அக்கா பார்க்க மாட்டேன் என்று கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டார். நான்தான் நின்றேன். வெள்ளைத் தூள் குன்றுபோல் குவிந்துகொண்டே போனது. முருகேசன் என் பக்கம் திரும்பவில்லை.

வெயில் ஏறிய பிறகு தூளின் நிறம் மாறியது. வெள்ளை மங்கிச் சாம்பலானது. சாம்பல் கனத்து, பறக்காமல் சொத்தென்று விழுந்தது. முருகேசன் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கையில் பிசைந்தார். விரலிடுக்கில் சேறு வழிந்தது.

"அக்கோவ்!" என்று கத்தினார். ரிக் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. நான் கொட்டகைக்கு ஓடினேன்.

வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீர் இல்லை அது. கோழிக்கும் வீட்டுக்கும் போதும். கலங்கலாக வந்த முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, தெளியட்டும் என்று வைத்துவிட்டு, அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. முகத்தைக் கழுவினார். முந்தின நாள் காதோரத்தில் ஒட்டிய வெள்ளை அப்போதுதான் போயிற்று.

சார் வந்தார்

சார் நேராகத் தோட்டத்துக்கு வந்தார். அறைக்குள் போய்ப் பார்த்தார். வெறும் மேடை, அதன்மேல் விரல்கனம் வெள்ளைத் தூள். வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டு?"

"தந்தி அடிச்சேன் சார்."

"அது கேள்விக்குப் பதிலில்லை."

"யாரையும் கேக்கலை சார்."

அக்கா நடுவில் வந்தார். "நாந்தானுங்க காரணம். அம்மிணிய ஒண்ணுஞ் சொல்லாதீங்க."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலைம்மா," என்றார் சார். அதற்குப் பின் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பல வருடம் ஒரு மனிதர் கையால் கட்டியதை ஒரு மத்தியானத்தில் கழற்றியிருந்தேன். அவர் கோபப்பட்டது நியாயம் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். கழற்றியது சரி என்றும் நினைக்கிறேன்.

பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. பாக்கித் தகடுகளைத் தொடாமலேயே பெட்டி கட்டி அனுப்பினோம். அவர் பெட்டிக்கு ஆணி அடித்தார், நான் கயிறு கட்டினேன்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எந்தத் தொடக்கமும் இல்லாமல் சொன்னார். "நான் இருந்திருந்தாலும் கழட்டியிருப்பேன். ஆனா ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். அதுக்குள்ள வண்டி போயிருக்கும்." டம்ளரை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

தோட்டத்தின் மறுகோடியில், புதுப் போர்வெல்லுக்கு வைத்த பம்பின் அதிர்வு எட்டாத இடத்தில், மறு வருடம் மிசினை நிறுத்தினோம். அதற்குப் புதுத் தகடுகள் வந்தன. அவை அடுத்து வந்த மாணவர்களுக்கு. நான் என் பாதித் தகடுகளோடு ஆய்வேட்டை எழுதி முடித்தேன்.

ஒரு கேள்வி

வாய்மொழித் தேர்வுக்கு வடக்கேயிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வயதானவர், கெட்டிக்காரர். என் ஆய்வேட்டில் எங்கெங்கே ஓட்டை என்று பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு வைத்திருந்தார். வரிசையாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

ஒரு பக்கத்தில் நின்றார்.

"நீங்கள் ஆராய்ந்த பரப்பு இங்கே திடீரென்று நின்றுவிடுகிறது. காரணம் எழுதவில்லை. தகடு கெட்டுவிட்டதா? கருவி கெட்டுவிட்டதா?"

 தணிகாசலம் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டும் இல்லை, சார். கருவியை நான்தான் கழற்றினேன். அந்த இடத்தில் போர்வெல் போட வேண்டியிருந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னையே பார்த்தார்.

"தண்ணீர் வந்ததா?"

"வந்தது, சார்."

"நல்லது," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.